ஒதுங்கி நிற்க உரிமையோ?

வேல்ஸ் நாட்டிலே ஒரு சுரங்கச் சிற்றூர். மலைச்சரிவிலே வரிசை வரிசையாகத் தொழிலாளர் குடியிருப்புகள். அங்கே பரவுகிறது குடற்காய்ச்சல். ஊருக்குப் புதிதாக வந்த இளம் டாக்டர் நோயின் ஊற்றைத் தேடுகிறார். உடைந்துபோன பழஞ்சாக்கடை ஒன்றிலிருந்து அழுக்குநீர் கிணறுகளிலே கசிவது தெரிகிறது. சுகாதார அதிகாரியிடம் முறையிடுகிறார், அதிகாரியோ அசையவில்லை. ஓர் இரவு, டாக்டரும் அவர் நண்பர் டென்னியும் வெடிமருந்து வைத்து அந்தச் சாக்கடையையே தகர்த்துவிடுகின்றனர்! வேறு வழியின்றிப் புதுச் சாக்கடை எழுகிறது.

ஏ. ஜே. குரோனின் 1937ஆம் ஆண்டு வெளியிட்ட ‘சிட்டாடல்’ என்னும் புதினத்தில் வரும் காட்சி இது. ‘கோட்டை’ என்பது பெயரின் பொருள். கற்பனைதான், எனினும் கண்டறியாதவர் கட்டிய கற்பனை அன்று. குரோனினே ஒரு டாக்டர். 1920களின் தொடக்கத்தில் வேல்ஸ் நாட்டு டிரெடேகர் நகரிலே, சுரங்கத் தொழிலாளரிடையே பணியாற்றியவர்.

அந்த நூலை இன்று நாம் புரட்டுவானேன்? காரணம் உண்டு, தோழர்களே! நாகரிக உடையணிந்த ஒரு வாதம் நாடுதோறும் உலவுகிறது. “எனக்கு நோய் வந்தால் என் பணத்தைக் கொண்டு நான் பார்த்துக்கொள்கிறேன். பொது மருத்துவ நிதிக்கு நான் ஏன் தரவேண்டும்? விலகிக்கொள்ள எனக்கு உரிமை வேண்டும்!” என்கிறது அந்த வாதம். உரிமை என்ற சொல்லைக் கேட்டாலே உள்ளம் நெகிழ்பவர்கள் நாம். ஆகவே எடுத்த எடுப்பிலே தள்ளிவிடலாகாது, உரைத்துப் பார்ப்போம். உரைகல்லாக இரு ஏடுகள் போதும். ஒன்று குரோனினின் புதினம். மற்றொன்று, அதே டிரெடேகரில் 1897இல் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, பதின்மூன்று வயதிலே சுரங்கத்துக்குள் இறங்கி, பின்னர் பிரிட்டனின் சுகாதார அமைச்சரான அனைரின் பெவன் 1952இல் எழுதிய ‘அச்சத்திற்குப் பதிலாக’ என்னும் நூல்.

1890இலே டிரெடேகர் தொழிலாளர் ஒரு மருத்துவ உதவிச் சங்கம் கண்டனர். கூலியிலே பவுனுக்கு மூன்று பென்ஸ் வீதம் பிடித்தம். மிகுதியாகச் சம்பாதித்தவன் மிகுதியாகத் தந்தான். குறைவாகச் சம்பாதித்தவன் குறைவாகத் தந்தான். சிகிச்சையோ தேவைக்கேற்றபடி! 1911இல் வந்த தேசிய காப்பீட்டுச் சட்டம் தொழிலாளிக்கு டாக்டரைத் தந்தது. அவன் மனைவிக்கும் மக்களுக்கும் தரவில்லை. டிரெடேகர் சங்கமோ குடும்பத்தையும் அணைத்துக்கொண்டது. அந்தச் சிறு விளக்கைத்தான் 1948 ஜூலை 5ஆம் நாள், பிரிட்டன் முழுமைக்கும் ஏற்றிவைத்தார் பெவன்.

குரோனின் இத்தகைய சங்கத்தைப் புகழ்மாலை சூட்டி வரவேற்கவில்லை. அவர் படைத்த அபெரலா ஊரின் சங்கத்திலே குறைகள் மலிந்துள்ளன. தலைமை டாக்டர், உதவி டாக்டர்களின் ஊதியத்திலே பங்கு பறிக்கிறார். உடல்நலமுள்ள ஒருவன் நோயாளிச் சான்று கேட்கிறான். கதைத்தலைவர் மான்சன் மறுக்கிறார். உடனே அவரிடமிருந்து அட்டைகள் திரும்பப் பெறப்படுகின்றன. பொதுவான ஏற்பாடு என்றால் தவறே நிகழாது என்று நம்புவோர், இந்தப் பகுதியை இருமுறை படிக்கவேண்டும். பொது மருத்துவத்திலே தாமதம் உண்டு, தடித்தனம் உண்டு, கோப்புக்குள் புதைந்த கருணை உண்டு. மறைக்கவேண்டாம்.

ஆனால் காசு ஆளும் இடத்திலே நடப்பது என்ன? அதையும் அதே எழுத்தாளர் காட்டுகிறார். இலண்டன் சென்ற மான்சன், பணக்காரச் சீமாட்டிகளின் இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்துச் செல்வம் சேர்க்கிறார். விட்லர் என்ற எளியவருக்கு அறுவை தேவைப்படுகிறது. உயர்ந்த கட்டணம் வாங்கும் ஐவரி என்ற அறுவை மருத்துவரிடம் ஒப்படைக்கிறார். ஐவரியின் கைக்குக் கத்தி பழக்கமில்லை என்பது அறுவை மேசையிலே தெரிகிறது; விட்லர் மாள்கிறார்! கட்டணம் உயர்ந்தது, கைத்திறன் உயரவில்லை. “என் பணம், என் டாக்டர்” என்று மார்தட்டுவோர் இந்தக் காட்சிக்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்? பொது ஏற்பாட்டிலே குறையென்றால் விலகு என்பவர்கள், விலகிச் சென்ற இடத்திலே குறையென்றால் எங்கே செல்வார்கள்?

இத்தனையும் கண்ட குரோனின், முடிவிலே சறுக்குகிறார். நேர்மையான மூன்று டாக்டர்கள் சேர்ந்து மருத்துவ நிலையம் அமைக்கப் புறப்படுவதுதான் அவர் காட்டும் வழி. மனச்சான்று மட்டுமே மருந்தாகுமா? மூவர் நல்லவராகலாம், முப்பது இலட்சம் நோயாளிக்குப் பொருள் எங்கிருந்து வரும்? நோயாளி, மருத்துவன், மருந்து, துணைநிற்பவன் என மருத்துவத்துக்கு நான்கு கூறு சொன்னார் வள்ளுவர். நான்கையும் ஏழையின் படுக்கையருகே கூட்டிவைக்கும் பொருள் எது என்ற வினாவைப் புதினம் தொடவில்லை. பெவன் தொடுகிறார். பெரும்பகுதி பொது வரியிலிருந்தே வரவேண்டும் என்கிறார். சந்தா முழுதும் செலுத்தாதவன் என்பதற்காக, ஒருவனுக்கு இரண்டாந்தர அறுவை செய்ய முடியுமா என்பது அவர் வாதத்தின் உயிர்நாடி.

எண்ணிப் பாருங்கள். விலகியவன் வீதியிலே மயங்கி விழுகிறான். வண்டிச் சக்கரம் காலை நசுக்கிவிட்டது. பொது மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்கிறார்கள். “இவர் விலகியவர்” என்று வாசலிலே கிடத்திவிடுவோமா? மாட்டோம், மனிதத்தன்மை இடந்தராது. அப்படியானால் அவனது விலகல், செலவிலிருந்து விலகலேயன்றிப் பயனிலிருந்து விலகல் அன்று. பயன் நாளைக்கு, பளு பிறருக்கு! இதன் பெயர் உரிமையா?

கணக்கும் பேசட்டும். நூறு பேர் உள்ள ஊர். ஆளுக்குப் பத்து ஷில்லிங், மொத்தம் ஆயிரம், அவ்வளவும் சிகிச்சைக்குச் செலவாகிறது. நல்ல உடற்கட்டுள்ள நாற்பது பேர் விலகுகின்றனர். அவர்களுக்கு ஆன செலவு நூறுதான். மீதித் தொள்ளாயிரத்தை அறுபது பேர் சுமக்கவேண்டும், ஆளுக்குப் பதினைந்து. பதினைந்தா என்று மேலும் இருபது பேர் விலகுகின்றனர். அவர்களுக்கு ஆன செலவும் நூறு. எஞ்சிய நாற்பது பேர் தலையிலே எண்ணூறு, ஆளுக்கு இருபது! எஞ்சியவர் யார்? முதியவர், நோயாளி, ஏழை. தரமுடியாதவரிடம் இருமடங்கு கேட்கும் ஏற்பாடாக முடிகிறது.

ஏட்டுக் கணக்கு என்று இகழவேண்டாம். சிலி நாடு செய்து பார்த்தது. பினோசே ஆட்சியிலே 1981ஆம் ஆண்டு, தொழிலாளி தன் கட்டாய மருத்துவப் பங்கைப் பொது நிதிக்குத் தராமல் ‘இசாப்ரே’ என்னும் தனியார் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தரலாம் என்று கதவு திறந்தார்கள். பின்னர் அந்தப் பங்கு ஊதியத்தில் 7 விழுக்காடாயிற்று. வசதியும் இளமையும் உள்ளவர் அந்தக் கதவு வழியே சென்றனர். முதுமை வந்தால் கட்டணம் ஏறிற்று. பிள்ளை பெறும் வயதுப் பெண் என்றாலும் ஏறிற்று. பிள்ளைப்பேற்றுச் செலவையே நீக்கிய திட்டங்களும் விற்பனைக்கு வந்தன! வயதையும் பாலையும் காட்டிக் கட்டணம் பெருக்க இடந்தந்த சட்ட விதிகளை, 2010இல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் செல்லாதென்றது. சிலி மக்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் இன்று இருப்பது பொது நிதியின் நிழலிலேதான்.

“அப்படியானால் தனிமனித உரிமைக்கு இடமே இல்லையா?” என்பீர்கள். உண்டு. 1898இல் இங்கிலாந்து, மனச்சான்று காரணமாகக் குழந்தைக்கு அம்மைப்பால் வேண்டாமென்ற பெற்றோருக்கு விலக்களித்தது. அந்த விலக்கு அறிவுக்கு உகந்ததா என்பது வேறு வழக்கு. ஆயினும் அது உடலைப் பற்றியது. உடலுக்கு ஊசி வேண்டாம் என்பதும், ஊருக்கான நிதியில் பங்கு தரமாட்டேன் என்பதும் ஒன்றல்ல. பிரிட்டனிலே தனியார் டாக்டரிடம் செல்லத் தடையில்லை; சென்றவனும் வரி தருகிறான். மருத்துவமனைக்குள்ளேயே கட்டணப் படுக்கைக்கு இடம் விட்டவர் பெவன். டாக்டர்களின் எதிர்ப்பைத் தணிக்க அவர் தந்த விலை அது. என் கண்ணுக்கு அது ஒரு குறை. ஆனால் கொள்கையிலே அவர் உறுதி குலையாதவர். பற்கட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் என்றபோது, 1951இலே அமைச்சர் பதவியைத் துறந்தார்.

குறையுள்ள மருத்துவமனையைத் திருத்த யாரால் முடியும்? குரல் உள்ளவர்களால். பணமும் படிப்பும் செல்வாக்கும் படைத்தவர் பங்குதாரராக நீடித்தால், “என் பணம் என்னவாயிற்று?” என்று கேட்பார்கள். விலக விட்டால் பணம் மட்டுமா போகும்? கேள்வியும் போகும்! கேட்பாரற்ற மருத்துவமனை ஏழைக்கு எஞ்சும்.

ஆகவே, இளைஞர்களே, அந்த வாதத்தைச் சந்திக்கும்போது சினம் வேண்டாம். சாக்கடைக் காட்சியை எடுத்துச் சொல்லுங்கள். கிணற்று நீரிலே கலந்த நச்சு, வீட்டுக்காரன் வரி கட்டியவனா விலகியவனா என்று விசாரித்துக்கொண்டு நுழையவில்லை. டாக்டரைத் தேர்ந்துகொள்ளட்டும், கணக்குக் கேட்கட்டும், ஊழலைக் கண்டால் உரத்துச் சொல்லட்டும். அத்தனையும் உரிமை. பக்கத்து வீட்டுக் காய்ச்சலுக்குத் தான் பொறுப்பில்லை என்று ஒதுங்கி நிற்பதற்கு மட்டும் அந்தப் பெயர் பொருந்தாது.