நெஞ்சையும் கேள்வி கேட்போம்!

"நான் தாழ்ந்தவன், என்னால் ஆகாது!" இவ்வெண்ணம் குடியேறிய உள்ளத்தில் அமைதி தங்குமோ? தலைவிதி என்பார் சிலர். கிரகக் கோளாறு என்பார் சிலர். பேயென்று வேப்பிலை எடுப்பாரும் உளர்.

அமெரிக்க உளவியலறிஞர்கள் ஆல்பர்ட் எல்லிசும் இராபர்ட் ஹார்ப்பரும் 1961-இல் வெளியிட்ட, பகுத்தறிவு வாழ்வுக்கான வழிகாட்டி நூல் வேறு விடை தருகிறது. நிகழ்ச்சியைவிட, அதுபற்றி நாம் கொண்ட நம்பிக்கையே நம்மைப் பெரிதும் வாட்டுகிறது என்பது அதன் கருத்து. தேர்வில் தோற்றான் ஒருவன். 'தோற்றேன்' என்பது உண்மை. 'ஆகவே நான் பயனற்றவன்' என்பது நம்பிக்கை. அதற்குச் சான்று எங்கே? சாத்திரத்தை நோக்கி நாம் தொடுத்த அதே வினாவை, நம் நெஞ்சை நோக்கியும் தொடுக்கச் சொல்கிறது நூல். வரவேற்கிறோம். கடுஞ்சோர்வுற்ற தோழர் மருத்துவரை நாடுவதும் பகுத்தறிவே என்போம்.

ஆயினும் ஒரு குறை. எல்லிஸ் தம் முன்னோடியெனப் போற்றிய எபிக்டெட்டஸ், ரோமப் பேரரசில் அடிமையாயிருந்த தத்துவ அறிஞர். எண்ணம் மாறினால் விலங்கின் வலி குறையலாம், விலங்கு அறுமா? 'தாழ்ந்தவன்' என்ற எண்ணத்தை நம்மவர் நெஞ்சில் ஊன்றியது சாதியன்றோ? அதைப்பற்றி நெஞ்சை மட்டும் கேட்டால் போதுமா?

முளைத்த களையைப் பறிப்போம். விதைத்த கையையும் தடுப்போம்!