மகாவாக்கியம் தமிழில் பட்ட பாடு

பழனி வட்டத்து நெய்க்காரப்பட்டியில் குடியிருப்பவருக்கு முருகன் பக்கத்து ஊர்க்காரன். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர் ஒருவர். மலைமேல் தண்டோடு ஆண்டியாய் நிற்பவன் இன்னொருவன். இருவர் உண்டு என்பதில்தான் நேர்த்திக்கடனே நிற்கிறது. உபநிடதங்களோ அந்த இருவரையும் ஒன்றென்கின்றன. சாந்தோக்கியத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலகர் மகன் சுவேதகேதுவுக்கு ‘தத் த்வம் அசி’, அதாவது ‘நீ அதுவே’ என்ற மகாவாக்கியத்தை ஒன்பது முறை சொல்கிறார். ஆலம் விதையைப் பிளக்கச் சொல்கிறார், உப்பை நீரில் கரைத்துக் குடித்துப் பார்க்கச் சொல்கிறார்.

சங்கரர் இதை முழு அபேதமாகக் கொண்டார். உயிர் உடலாகவும் பிரமம் அதன் உயிராகவும் நிற்கும் ஒருமை என்றார் ராமானுஜர். மத்துவர் பதத்தை வேறுவிதமாகப் பிரித்து, ‘நீ அது அல்ல’ என்றே படித்துவிட்டார். அசாத்தியத் துணிச்சல்! நம் ஆய்வுகளில் பல இந்த மூவரோடு நின்றுவிடுகின்றன என்பதே என் குறை. வழக்கு தமிழிலும் சூடாக நடந்திருக்கிறது.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 சூத்திரங்களில் ஒரு தீர்ப்பு எழுதியது: உயிரும் சிவமும் பொருளால் வேறு, கலப்பால் ஒன்று. அவர் மாணவர் அருணந்தி, சிவஞான சித்தியார் பரபக்கத்தில் சங்கரரின் அத்வைதம் பேசும் மாயாவாதியைக் கூண்டில் ஏற்றி மறுத்தார். 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவரின் மாபாடியம் அதே வாதத்தை விரித்தது.

எதிர்க்கட்சிக்குத் தமிழில் வாய்த்த நூல் தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம். வடமொழி படிக்காதவருக்கும் அத்வைதம் எட்டியது பெரும்பாலும் இதன் வழியாகத்தான். குருவும் சீடனும் பேசிக்கொள்ளும் இந்நூலில் தத்துவ விளக்கப் படலம், சந்தேகம் தெளிதற் படலம் என இரண்டு பகுதிகள். சந்தேகத்துக்குத்தான் கூடுதல் இடம். சீடன், குரு சொன்னதைக் கேட்டுத் தலையாட்டுகிறவன் அல்ல. 1850களில் கார்ல் கிரௌல் என்ற ஜெர்மானிய மிஷனரி இதை மொழிபெயர்த்து லைப்சிக் நகரில் அச்சிட்டார். நம் பல்கலைக்கழகங்கள் இதற்குக் காட்டும் அக்கறை அதைவிடக் குறைவு.

இனி, இரு கட்சிக்கும் பொதுவான ஒரு சாட்சி: திண்டுக்கல்லில் 1891இல் பள்ளிக்கூடம் போன ஒரு பையன். திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி. 1896இல் மதுரையில், சாவு வந்துவிட்டதென்ற பயத்தில் ‘நான்’ எது என்று உள்ளே தேடினார். அதற்குமுன் அவரை உலுக்கிய நூல் உபநிடதம் அல்ல, பெரியபுராணம். 1928இல் உள்ளது நாற்பது எழுதி ஒருமையை நிறுவியவரும் அவரே. அருணாசலத்தை ‘நீ’ என்று விளித்து உருகி, அட்சரமணமாலை பாடியவரும் அவரே. வேதாந்தத்தையும் சித்தாந்தத்தையும் சமரசப்படுத்திய தாயுமானவர் போன வழியும் ஏறக்குறைய இதுதான்.

ஆகவே, காவடிக்காரரை அத்வைதத்தின் முதல் வகுப்பில் உட்காரவைக்கும் வழக்கமான விளக்கம் எனக்கு ஒப்பவில்லை. தமிழ் மரபில் ஒருமை இருமையைத் துரத்தவில்லை. ஐயம் உள்ளவர்கள் கைவல்ய நவநீதத்தை உரையோடு எடுத்து, சந்தேகம் தெளிதற் படலத்திலிருந்து படிக்கத் தொடங்கலாம்.