ஊரும் உறவும்: ஷென்மூ, யக்குசா என்னும் இரு யப்பானிய விளையாட்டுத் தொடர்கள்

புதிய கலை எதுவும் தோன்றிய காலத்தில் கற்றோரின் இகழ்ச்சிக்குத் தப்பியதில்லை. நாவல் தமிழில் தோன்றியபோது அது வீண்பொழுது போக்கும் கதையென்று ஒதுக்கப்பட்டது. சினிமாவுக்கும் அந்நிலையே நேர்ந்தது. இன்று அவ்விடத்தில் நிற்பது வீடியோ விளையாட்டு. மாணாக்கரின் காலத்தைக் கவர்ந்துகொள்ளும் பொருளென ஆசிரியராகிய நாம் அதனைக் கண்டிக்கின்றோம். அக்கண்டனத்தில் உண்மை இல்லையென்று கூறேன். ஆயின், ஒன்றைக் கண்டிப்பதன் முன்னர் அஃது யாதென அறிதல் கற்றோர் கடனன்றோ? அவ்வறிவுக்கு ஒரு தொடக்கமாக, இவ்வகையுட் புகழ்பெற்ற இரு தொடர்களை எடுத்து, அவை எப்பொருளை முதன்மையாகக் கொண்டன என்பதை ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறந்த உலக விளையாட்டு என்பது, ஆடுவோன் குறித்ததொரு பாதையிலே தள்ளப்படாது, ஓர் ஊரினைத் தன் விருப்பப்படி சுற்றித் திரிந்து, எதிர்ப்பட்டாரோடு உரையாடி, வேண்டிய வினையைத் தானே தேர்ந்து ஆற்றும்படி அமைந்ததாகும். யப்பானின் செகா நிறுவனம் இவ்வகையில் வெளியிட்ட தொடர்கள் இரண்டு. ஒன்று, யு சுசுக்கி படைத்த ஷென்மூ. இதன் முதற்பகுதி 1999ஆம் ஆண்டு திசம்பர் 29ஆம் நாள் ட்ரீம்காஸ்ட் என்னும் விளையாட்டுக் கருவிக்கென யப்பானில் வெளிவந்தது. மற்றையது, தொஷிஹிரோ நகொஷி தோற்றுவித்த யக்குசா. இதன் முதற்பகுதி 2005 திசம்பர் 8ஆம் நாள் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கென வெளிவந்தது. யப்பானிய மொழியில் இதன் பெயர் ‘டிராகனைப் போல’ எனப் பொருள்படும். 2022 முதல் பிறநாடுகளிலும் அப்பொருள் தரும் பெயரே வழங்கப்படுகிறது. நகொஷி ஷென்மூவின் ஆக்கக்குழுவிலும் பங்குகொண்டவர். இரண்டிலும் யப்பானிய நகரத் தெருக்கள் உள. கடைகளும் உணவகங்களும் உள. கைகலந்து போரிடும் வீரன் ஒருவன் உளன். இவற்றைக் கண்டோர் பலர் யக்குசாவை ஷென்மூவின் வாரிசு என்பர். அக்கூற்று புறத்தோற்றத்தளவில் அமைவதேயன்றி, அகத்தே நோக்குவார்க்கு அமையாது.

இவ்வேறுபாட்டை விளக்குதற்கு நம் தொல்காப்பியமே தக்க கருவியாகின்றது. முதல், கரு, உரி எனப் பொருளை மூன்றாக வகுத்தார் தொல்காப்பியர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய உணவும் விலங்கும் தொழிலும் பிறவும் கருப்பொருள். மாந்தர் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். பாடலில் முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்து நிற்கும் என்பது உரையாசிரியர் கொள்கை. யக்குசா இம்முறையை வழுவாது போற்றும் படைப்பு. ஷென்மூவோ இதனைத் தலைகீழாக்கிய படைப்பு. அதன் பெருமையும் குறையும் இவ்வொன்றிலிருந்தே பிறக்கின்றன.

முதற்கண் ஷென்மூவை நோக்குவாம். 1986ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், யொக்கோசுக்கா நகரில், ரியோ ஹசுக்கி என்னும் இளைஞன் தன் தந்தை லான் டி என்பவனாற் கொல்லப்படுவதைக் கண்ணெதிரே காண்கிறான். கொலைஞனைத் தேடிப் பழிதீர்ப்பதே கதை. ஆயின், ஆடுவோனது உள்ளத்தில் நிலைப்பது பழியன்று, அவ்வூரே. டொபுயிட்டா என்னும் கடைத்தெருவிற் செல்வோர் ஒவ்வொருவருக்கும் பெயருண்டு, வீடுண்டு, நாளொழுங்குண்டு. கடைகள் குறித்த நேரத்தில் திறக்கும். குறித்த நேரத்தில் மூடும். மழை பெய்யும், பனி விழும். வீட்டிலுள்ள இழுப்பறைகளைத் திறந்து உள்ளிருப்பதை எடுத்துப் பார்க்கலாம். தாயை இழந்த பூனைக்குட்டி ஒன்றுக்கு உணவளிக்கலாம். வீட்டிலுள்ள மூதாட்டி நாள்தோறும் 500 யென் கைச்செலவுக்கு வைப்பாள். இவை கதையை ஓரடியேனும் முன்செலுத்துவனவல்ல. எனினும் இவையின்றி ஷென்மூ இல்லை.

ஷென்மூவிற் பொழுது எவர்க்காகவும் நில்லாது. ஒருவரை மாலையிற் காணவேண்டுமெனின் மாலைவரை காத்திருத்தல் வேண்டும். முதற்பகுதியில் அக்காத்திருப்பைத் தாண்டிச் செல்ல வழியில்லை. 2001இல் வெளிவந்த இரண்டாம் பகுதியிலேயே அதற்கு ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. வினையை முடியாது நாட்களை வீணே கழிப்பானாயின், 1987 ஏப்பிரல் 15ஆம் நாள் லான் டி மீண்டு வந்து ரியோவைக் கொன்றுவிடுவான். ஆட்டம் அத்துடன் முடியும். பிற்பகுதியில் ரியோ துறைமுகத்திற் கூலிவேலை பெறுகிறான். பாரந்தூக்கி வண்டியைச் செலுத்தி, நாளொன்றுக்கு இத்தனை பெட்டி என்னும் கணக்கை நிறைவுசெய்து, நண்பகலில் உணவுண்டு, மாலையிற் கூலி பெறுகிறான். பழிதீர்க்கப் புறப்பட்ட வீரன் பெட்டி சுமப்பதா எனச் சினந்தோர் பலர். ஆயின், உழைப்பின் சலிப்பையும் அச்சலிப்பின் நடுவே தோன்றும் சிறு நிறைவையும் ஆடுவோன் தன் கையாலேயே உணருமாறு செய்தது அப்பகுதியேயாகும்.

இனி யக்குசாவை நோக்குவாம். இதன் களம் கமுரொச்சோ; டோக்கியோவின் சிஞ்ஞுகு பகுதியிலுள்ள கபுக்கிச்சோவை ஒட்டிப் புனைந்த கேளிக்கைப் பேட்டை அது. குற்றக்குழுவைச் சேர்ந்த கஸுமா கிரியு என்பான், 1995இல் தன் நண்பன் நிஷிகியாமா செய்த கொலைப்பழியைத் தான் ஏற்றுப் பத்தாண்டு சிறையிருந்து மீள்கிறான். மீண்டபோது நண்பன் பகைவனாகியிருக்கிறான், குழு சிதைந்திருக்கிறது, ஆயிரங்கோடி யென் காணாமற் போயிருக்கிறது, ஹருகா என்னும் சிறுமி தாயைத் தேடித் தனியே அலைகிறாள். இங்கே கதையே தலைமை பெறுகின்றது. பொழுது கதைக்குக் கட்டுப்பட்டது; கதை அடுத்த கட்டத்துக்கு நகரும்போதே பகல் இரவாகும். சிறுமி ஆபத்திலிருப்பினும், கிரியு பந்தடித்தும் பாடியும் உண்டும் நெடும்பொழுது கழிக்கலாம், தீங்கொன்றும் நேராது. ஊர் அவனுக்காகக் காத்திருக்கும். தெருவிற் செல்வோர் பலர்க்கும் பெயரில்லை. அவர்கள் திரைச்சீலையில் எழுதிய உருவங்களை ஒப்பர்.

ஆயினும் அத்தெருக்களில் ஆங்காங்கே குறுங்கதைகள் காத்திருக்கின்றன. ஏமாற்றப்பட்ட மாது, மகனுக்கு முகங்கொடுக்க நாணும் தந்தை, தன் தொழிலில் நம்பிக்கையிழந்த கலைஞன் எனப் பலர் கிரியுவை எதிர்ப்படுவர். சில நகைப்புக்குரியன, சில கண்ணீர் வருவிப்பன. இவற்றால் அப்பேட்டை ஓர் இடமாக அன்றி, உறவுகளின் தொகுதியாக நம் நினைவில் நிற்கின்றது. யக்குசா ஊரை அறியும் வழி இதுவே: மாந்தரின் துயர் வாயிலாகவே ஊர் அறியப்படும். 2015இல் வெளிவந்த பகுதி 1988ஆம் ஆண்டுக்குப் பின்சென்று, நிலவிலை எல்லையின்றி ஏறிய அக்காலத்தில், ஒரு சிறு வெற்றுநிலத்துக்காக மாந்தர் ஒருவரையொருவர் அழித்த கதையைக் கூறும். முந்திய பகுதிகளில் நாம் கண்ட கோபுரக் கட்டடம் அந்நிலத்தின்மீதே எழுந்தது என அறியுங்கால், ஒரே தெரு பல ஆண்டுகளிற் கொண்ட கோலங்கள் நம் முன் தோன்றுகின்றன.

இரு தொடர்களின் உள்ளமும் வேறென்பதைத் தந்தை என்னும் ஒரு பொருள்கொண்டே காட்டலாம். ரியோ தந்தையின் கொலைக்குப் பழிதேடிப் புறப்பட்டவன். இரண்டாம் பகுதியில் ஹொங்கொங்கிற் காணும் ஷியுயிங் என்னும் ஆசாள் பழியின் பயனின்மையை உணர்த்த முயன்றும் அவன் திரும்பவில்லை. கிரியுவோ பெற்றோரற்றவன். தன்னை வளர்த்து ஆளாக்கிய கஸாமாவே தன் பெற்றோரைக் கொன்றவன் என்பதை அவனது மரணத்தறுவாயில் அறிகிறான், அறிந்தும் வெறுத்திலன். பின்னர் ஹருகாவுக்குத் தானே தந்தையாகிறான். 2009இல் வந்த மூன்றாம் பகுதியில் ஒகினாவாவில் அநாதைச் சிறுவர் இல்லமொன்றை நடத்துகிறான். இழந்த தந்தையை நோக்கிப் பின்னே நடப்பவன் ஒருவன். தந்தையாகி முன்னே நடப்பவன் மற்றொருவன். உரிப்பொருளில் யக்குசா அடைந்த உயரத்தை ஷென்மூ அடையவில்லை என்பது இதனால் விளங்கும். நொசோமி என்னும் பெண் கனடாவுக்குப் புறப்படும்போதும் ரியோவின் வாயில் உள்ளந்திறந்த ஒரு சொல் பிறக்கவில்லை.

தமிழ் கற்றோர்க்கு இவ்விரு நெறிகளும் புதியனவல்ல. பட்டினப்பாலை 301 அடிகளுடையது. பொருள்தேடிப் பிரியேன் எனத் தலைவன் நெஞ்சுக்குக் கூறும் கூற்று மிகச் சில அடிகளிலே அடங்க, எஞ்சியவற்றுட் பெரும்பகுதியைக் காவிரிப்பூம்பட்டினத்தின் கடைவீதியும் துறையும் பண்டசாலையும் கொண்டுள்ளன. எனினும் அப்பட்டினத்தின் பெருமை விரிய விரிய, அதனையும் பெறினும் பிரியேன் என்னும் சொல்லின் பெருமையும் உயர்கின்றது. சிலப்பதிகாரமோ புகாரையும் மதுரையையும் விரித்துரைப்பினும், அவ்விரண்டையும் கண்ணகி கோவலர் ஊழுக்குக் களமாகவே கொள்கிறது. ஷென்மூ பட்டினப்பாலையின் நெறியில் நடந்து, அதன் இறுதிச் சொல்லைச் சொல்லாது நிற்பது. யக்குசா காப்பியநெறியைப் பின்பற்றுவது.

யக்குசாவின் குறைகளும் மறைத்தற்குரியனவல்ல. சட்டத்துக்குப் புறம்பான குழுவினரை அறத்தின் காவலராகக் காட்டுதல் முதற்குறை. ஐந்தடி நடப்பதற்குள் ஓர் அடிதடி நேர்தலால், வன்முறை பொருளிழந்து பழக்கமாகின்றது. இரவு விடுதிப் பெண்டிரை ஆடவனின் வெற்றிக்குப் பரிசிலாகக் காட்டும் பகுதிகள் மாணாக்கர் கையிற் கொடுக்கத் தக்கனவல்ல. ஷென்மூவின் குறை வேறு வகையினது. அது முற்றுப்பெறவில்லை. பெரும்பொருள் செலவிட்டும் இலாபம் கிட்டாமையால் 2001க்குப் பின் தொடர் நின்றது. 2015இல் 69,000க்கு மேற்பட்ட அன்பர்கள் அறுபது இலட்சம் டொலருக்கு மேல் வழங்கியதனால் மூன்றாம் பகுதி 2019 நவம்பரில் வெளிவந்தது. அதிலும் கதை முடியவில்லை. இதற்கிடையில் யக்குசா பல பகுதிகளாக வளர்ந்து, 2020இல் இச்சிபான் கசுகா என்னும் புதுத்தலைவனையும் யொக்கொஹாமா என்னும் புதுக்களத்தையும் கொண்டது.

எனவே எது சிறந்தது? கதைச்சுவையும் மனித நெஞ்சின் ஆழமும் வேண்டுவார்க்கு யக்குசாவே சிறந்தது. உரையாசிரியர் வகுத்த முறைக்கும் அதுவே பொருந்தும். ஆயினும் என் நெஞ்சு ஷென்மூவின் பக்கமே சாய்கின்றது. காரணம் கூறுதல் கடனாம்.

தெல்தோட்டைக்கு அயலிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்திலேதான் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டு இந்நாட்டின் தேயிலைத் தொழிலுக்கு வித்திட்டார். இம்மலைகளைக் காணவருவோர் பச்சைக்கம்பளம் என்று வியந்து படம்பிடித்துச் செல்வர். அவர்க்கு இது காட்சி. எம் மக்களின் துயரை எழுதுவோர்க்கு, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் தந்த வடுக்களே பொருளாகின்றன. அவை எழுதப்படவேண்டியனவே, அதனை மறுப்பார் யார்? ஆயின், விடியலிற் பிரட்டுக்களத்தில் நிற்பவள் எத்தனை மணிக்கு எழுந்தாள், எந்தப் படிக்கட்டில் வழுக்கும், கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர் விழுந்த மாலையில் லயத்து வாசலில் அவள் எங்கே அமர்வாள் என்பவற்றை அறியாதவன், அவளது துயரையும் முற்ற அறிந்தவனாகான். சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்து இன்றும் வாழ்வதற்கு அவ்வன்றாட வாழ்வை அவர் உள்ளிருந்து அறிந்தமையே காரணம்.

ரியோ துறைமுகத்திற் பெட்டி சுமக்கும் பகுதியைச் சலிப்பென்று ஒதுக்கும் மாணாக்கன், தன் தாய் நாள்தோறும் கொழுந்துக்கூடை சுமப்பதை எக்கண்கொண்டு நோக்குவான்? அப்பகுதியைப் பொறுமையோடு ஆடி முடித்தவனோ, ஒரு நாளின் உழைப்பு எத்துணை நீளமுடையது என்பதைச் சிறிதேனும் அறிந்தவனாவான். மாந்தரின் நெஞ்சை அறிவிப்பது யக்குசா. அந்நெஞ்சு வாழும் தெருவையும் நேரத்தையும் பொறுத்திருந்து பார்க்கப் பயிற்றுவது ஷென்மூ. நம் மலையக இளைஞருக்கு முன்னது எளிதிற் கிட்டும். சினிமாவும் கதைகளும் அதனைப் போதிய அளவு தருகின்றன. பின்னதைத் தருவார் அரியர்.

விளையாட்டுகளை நம் மாணாக்கர் ஆடுவதோடு அமையாது, ஒருநாள் ஆக்கவும் வல்லராவர். அன்று அவர்கள் தெல்தோட்டையின் கடைத்தெருவையும் மழையையும் கடைசிப் பேருந்து புறப்படும் நேரத்தையும் களமாக்குவாராயின், யொக்கோசுக்காவின் ஒரு தெருவை சுசுக்கி நோக்கிய அக்கண்ணோடு நோக்குவாராக. அக்களத்தில் உலவும் மாந்தர்க்கு, கிரியுவைப் போல மன்னிக்கவும் வளர்க்கவும் வல்ல நெஞ்சினையும் அளிப்பாராக. முதலும் உரியும் அங்ஙனம் ஒருங்கு கூடிய படைப்பை யப்பானியர் இன்னும் ஆக்கவில்லை. அதனை ஆக்குவோர் நம்மிடையே தோன்றுவதும் கூடும்.