ரபி மோசே கையொப்பமிட்ட சட்ட நூல்: ஒரு திறனாய்வு

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பாட்லியன் நூலகத்தில் ‘ஹண்டிங்டன் 80’ என்னும் குறியீட்டுடன் எபிரேயக் கையெழுத்துப் பிரதியொன்று பேணப்பட்டு வருகிறது. மைமோனிடெஸ் என்று நாம் அறிந்துள்ள ரபி மோசே பென் மைமோன் (1138–1204) இயற்றிய ‘மிஷ்னே தோரா’ என்னும் சட்டத் தொகுப்பின் 14 நூல்களில் முதல் இரண்டு இதில் அடங்கியுள்ளன. படியெடுத்தவர் வேறொருவர். ஆயினும், இப்பிரதி தம்மிடமுள்ள நூலோடு ஒப்பிட்டுத் திருத்தப்பெற்றது என்று ரபியே தம் கைப்பட எழுதி அதன் இறுதியில் ஒப்பமிட்டிருக்கிறார். 17-ஆம் நூற்றாண்டில் அலெப்போவில் ஆங்கில வணிகர்களுக்குக் குருவாகப் பணியாற்றிய ராபர்ட் ஹண்டிங்டன் திரட்டிய சுவடிகளோடு இது 1693-இல் அந்நூலகத்தை அடைந்தது. குருவானவர் ஒருவரின் நூலார்வத்தால் இவ்வேடு நமக்குக் கிட்டியிருப்பது மகிழ்ச்சிக்குரியதே.

ரபிமாரின் சட்டம் என்றதும் உயிரற்ற விதிகளின் குவியல் என்று பிரசங்க பீடத்திலிருந்து கூறிவிடுவது நம்மிடையே எளிதாகிவிட்டது. இப்பிரதியின் பொருளடக்கம் அக்கூற்றுக்கு இடந்தரவில்லை. முதல் நூலின் பெயரே ‘அறிவு’; அது கடவுள் உண்டு என்று அறிவதில் தொடங்கி, மனந்திரும்புதலில் முடிகிறது. இரண்டாவது நூலின் பெயர் ‘அன்பு’. உபாகமம் 6:4-இன் அறிக்கையை நாள்தோறும் ஓதுதல், ஜெபம், ஆசீர்வாதங்கள் ஆகியன அதன் பொருள்.

எனினும் இந்நூலில் பெருங்குறை ஒன்று உண்டு. திருமறையைக் கற்றபின் இதனைக் கற்பவனுக்கு வாய்மொழிச் சட்டத்தை அறிய இடையில் வேறு நூல் வேண்டியதில்லை என்னும் கருத்தை ஆசிரியர் முன்னுரையிலேயே கூறிவிடுகிறார். தால்மூத்தின் பக்கங்களை நிரப்பும் விவாதங்கள் இதில் இல்லை. எந்த முடிவை எந்த ரபி உரைத்தார் என்பதும் அந்தந்த இடத்தில் சுட்டப்படவில்லை. தீர்ப்பு மட்டுமே எஞ்சுகிறது. அலெக்சாந்திரியாவின் நீதிபதி பினெகாசுக்கு எழுதிய மடலில், ஆதாரங்களைத் தனிநூலாகத் தர விரும்புவதாக மைமோனிடெஸ் தெரிவித்தார், அந்நூல் வெளிவரவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் யோசேப்பு காரோ பேருழைப்புடன் அவ்வாதாரங்களைத் தேடித் தொகுக்க வேண்டியதாயிற்று.

ஆசிரியர் வாழ்ந்த காலத்திலேயே மறுப்பு எழுதியவர் தென் பிரான்சு நாட்டுப் போஸ்கியேர் ஊரின் ரபி ஆபிரகாம் பென் தாவீது (மறைவு 1198). மனந்திரும்புதலைப் பற்றிய பகுதியில், கடவுளுக்கு உடலும் உருவமும் உண்டு என்பவனை மைமோனிடெஸ் சமயப் புரட்டருள் ஒருவனாக எண்ணுகிறார். கடவுள் உருவமற்றவர் என்பதில் ஆபிரகாமுக்கும் ஐயமில்லை. ஆனால் வேதவசனங்களை வாசித்து அவ்வாறு எண்ணிக்கொண்ட மேன்மக்கள் பலர் இருந்திருக்க, அவர்களைப் புரட்டர் என்பது எங்ஙனம் என்று அவர் கேட்கிறார். கோட்பாட்டில் மைமோனிடெஸ் பக்கம் நிற்கும் நாம், இங்கு ஆபிரகாமின் கேள்வியையே மேலானதாகக் கருதுகிறோம். கர்த்தருடைய கரம், கர்த்தருடைய கண்கள் என்று திருமறையே பேசும்போது, அதனை எழுத்தின்படி ஏற்றுக்கொண்ட எளிய விசுவாசியைச் சபைக்குப் புறம்பாக்கும் உரிமை இறையியல் கற்றவருக்கு எங்கிருந்து வந்தது?

மற்றோரிடத்தில், நடக்கப்போவதைக் கடவுள் முன்னறிவாராயின் மனிதனுக்குச் சுயாதீனம் எவ்வாறு என்ற வினாவை மைமோனிடெஸ் எழுப்புகிறார். கடவுளின் அறிவை மனித மனம் பற்றிக்கொள்ள இயலாது என்று கூறி அமைகிறார். முடிக்க இயலாததைத் தொடங்குவது ஞானியின் வழக்கமன்று என்று ஆபிரகாம் கடிந்துகொள்கிறார். கடிந்தவர் உடனே தாமும் ஒரு விடையை முயன்று பார்க்கிறார்! இங்கு நம் அனுதாபம் மைமோனிடெசுக்கே. விடை கையிலில்லாத வினாவை மறைக்காமல் மாணவர்முன் வைத்தது நேர்மையான செயல்.

அச்சுப் பதிப்புகள் பலவற்றில் மைமோனிடெசின் மூலத்துக்கு அருகிலேயே ஆபிரகாமின் கண்டனங்களும் இடம்பெற்றுள்ளன. வேறு நூல் வேண்டாமென்ற நூலைச் சூழ்ந்து உரைகள் பெருகின.

கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெப ஆலயத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளிப்போந்த பழந்தாள்களுள், இந்நூலின் வரைவுத் தாள்கள் சில ரபியின் கையெழுத்திலேயே கிடைத்தன. அவற்றில் அவர் தாம் எழுதியதை அடித்தும் மாற்றியும் எழுதியிருக்கிறார். அத்தாள்களுள் சில, ஒப்பமிட்ட பிரதி இருக்கும் அதே பாட்லியன் நூலகத்தில் உள்ளன.