மொன்றியலுக்குப் பக்கத்திலேயே ஒரு வைன் தேசம்

மலையும் ஏரியும் வைனும் சேர்ந்த ஒரு தேசத்தைப் பார்க்கப் பிரான்சுக்கு விமானச் சீட்டுத் தேடுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: புறோம்-மிசிஸ்குவா பகுதிக்குப் போய் வந்துவிட்டீர்களா? மொன்றியலில் இருந்து காரில் ஒரு மணி நேரம் சொச்சம்தான். அங்கே திராட்சைத் தோட்டங்களை இணைக்கும் வைன் பாதை ஒன்று 2003இல் தொடங்கியது; நீளம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். அதன் வரைபடத்தை மேசையில் விரித்து எங்கே நிற்பது, எங்கே சாப்பிடுவது என்று பேசும் மாலைகளே எனக்குப் பெருநாள்!

செப்டெம்பர் கடைசியையோ ஒக்டோபர் தொடக்கத்தையோ தெரிவு செய்யுங்கள். மேப்பிள் சிவக்கும் அதே நாட்களில் திராட்சை அறுவடையும் நடக்கும். சம்ப்ளெயின் பாலத்தைக் கடந்து 10ஆம் நெடுஞ்சாலையில் போனால், சமவெளியில் தனித்தனியாக மலைகள் எழும்புவதைக் காணலாம். சென் புறூனோ, ரூஜ்மோன், யமாஸ்கா எல்லாம் நம் மொன் றோயல் மலையின் உடன்பிறப்புகள். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் உறைந்த பாறைக் குழம்புதான் இந்த மலைகள். சுற்றியிருந்த மென்பாறை அரித்துப் போக, இவை மட்டும் நிமிர்ந்து நிற்கின்றன. எத்தனை தரம் பார்த்தாலும் அலுக்காத காட்சி.

பாதையின் உயிர் டன்ஹம் ஊரில் இருக்கிறது. அங்கே லோர்பையர் தோட்டம் 1982இல் தொடங்கியது. பூச்சியத்துக்குக் கீழே 30 பாகை வரை குளிர் இறங்கக்கூடிய மண்ணில் திராட்சைக் கொடி! பனிக்காலத்துக்கு முன் கொடிகளின் அடியில் மண் அணைத்து மூடுகிறார்கள். வசந்தத்தில் மறுபடி விலக்குகிறார்கள். அந்த உழைப்பை அறிந்த பிறகு, அவர்களின் வெள்ளை வைனை மரியாதையோடுதான் குடிக்க முடிகிறது.

ஐஸ் சைடரை மட்டும் தவறவிடாதீர்கள். 1989இல் கிறிஸ்தியான் பார்த்தொமொஃப் இதை முதன்முதலாகச் செய்ததும் டன்ஹமில்தான். ஆப்பிள் சாற்றைக் குளிர்காலத்தில் வெளியே உறைய விட்டால் தண்ணீர் பனிக்கட்டியாகிப் பிரியும். இனிப்பு திரண்ட சாறு சொட்டும். அதைத்தான் நொதிக்க வைக்கிறார்கள். தேன் போன்ற தடிப்பு, அதன் நடுவே துள்ளும் புளிப்பு. அந்த முதல் மிடறை விவரிக்க எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை.

நேரம் மிஞ்சினால் மெம்ஃப்ரமேகொக் ஏரிக்கரையில் 1912இல் நிறுவப்பட்ட சென் பெனுவா மடத்துக்கும் போங்கள். துறவிகள் செய்த சீஸ் வாங்கலாம்.

ஒரு நாளைக்கு இரண்டு தோட்டம் போதும். கார் ஓட்டுபவர் ஒரு சொட்டும் தொடக்கூடாது. அறுவடைக்கால வார இறுதிகளில் கூட்டம் அலைமோதும். சுவைத்துப் பார்க்கும் நேரத்தை இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.