ஆடு தீண்டாத பாளையும் ஆய்வுக்கூட எலியும்

செடிகளுக்குப் பெயரிட்ட முன்னோர் அவற்றின் இயல்பையும் பெயரிலேயே பொதிந்து வைத்தனர். ஆடாதோடை என்பதற்கு ஆடு தொடாத இலை எனப் பொருள் கூறுவர். ஆடுதீண்டாப்பாளையின் பொருள் வெளிப்படை. இப்பெயர்கள் எதனைச் சொல்கின்றன, எதனைச் சொல்லாது விடுகின்றன என்பது ஆராயத்தக்கது.

ஆடாதோடை இருமலுக்கு உதவுவது. அதிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடியாகக் கொண்டே புரோம்ஹெக்சின் என்னும் சளி மருந்து உருவானது. ஆயினும், வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யுமாதலின் கருவுற்ற மகளிர்க்கு ஆடாதோடை ஆகாது. ஆடுதீண்டாப்பாளையோ அரிஸ்டோலோக்கிக் அமிலம் உடையது. அவ்வமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றும் விளைப்பது. பெயரை நம்பினால், ஆடு இவ்விரண்டையும் ஒருங்கே ஒதுக்கிற்று. எது மருந்து, எது நஞ்சு என்று அது பிரித்துரைக்கவில்லை.

“தலைமுறை தலைமுறையாக உண்கிறோம், மூலிகை தீங்கு செய்யாது” என்னும் பேச்சு, லாயாங் லாயாங் போன்ற தோட்டப்புறங்களில் இன்றும் கேட்பதே. இதில் பாதி உண்மை. உண்டவுடன் வாந்தியோ மயக்கமோ தரும் செடியைப் பழக்கமே விலக்கிவிடும். பல திங்கள் உண்டு, பல்லாண்டு கழித்துச் சிறுநீரகம் கெட்டால், அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடுவார் யார்?

பெல்ஜியத்தில் உடல் மெலிய மருந்துண்ட மகளிர் சிறுநீரகம் கெட்டு வருந்திய செய்தி 1993இல் வெளிவந்தது. சீனப் பெயர்கள் ஒத்திருந்தமையால், ஒரு செடிக்கு மாறாக ஆடுதீண்டாப்பாளையின் இனத்துச் செடி மருந்திற் சேர்ந்துவிட்டது. நோயுற்றோர் நூற்றுக்கு மேற்பட்டனர். அவர்களுள் சிறுநீரகம் அகற்றப்பெற்ற 39 பேரை ஆராய்ந்தபோது, 18 பேருக்குப் புற்று இருந்தமை 2000இல் வெளியாயிற்று. வருந்தத்தக்கது யாதெனில், எலிகள் இதனை முன்பே உணர்த்திவிட்டன. மூன்று திங்கள் இவ்வமிலம் ஊட்டப்பட்ட எலிகளுக்குப் புற்று உண்டானதை 1982இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஜெர்மனி 1981இலேயே இத்தகு மருந்துகளை விலக்கியிருந்தது. மலேசியாவிலும் 1992 முதல் மரபு மருந்துகள் பதிவு செய்யப்படுகின்றன. இவ்வினச் செடிகளுக்கு அதில் இடமில்லை.

எனினும், எலிச் சோதனையையும் அளந்தே மதித்தல் வேண்டும். “எலி இறக்கவில்லை, ஆகவே மருந்து நன்று” என்பாரும் உளர். உலகெங்கும் கைக்கொள்ளப்படும் ஒரு முறையில், மும்மூன்று எலிகளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் வரை சாற்றை ஒருமுறை ஊட்டி 14 நாள் பார்ப்பர். அது விரைந்து கொல்லும் நஞ்சையே காட்டும். 90 நாள் ஊட்டிக் குருதியையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் ஆராய்வது வேறு சோதனை. கருவுக்கும் புற்றுக்கும் உரிய சோதனைகள் வேறு. எச்சோதனை, எவ்வளவு, எத்தனை நாள் என்று கூறாத சான்று சான்றாகாது.

எலியும் உயிரே. மாற்றுவழி தேடுக, எண்ணிக்கை குறைக்க, துன்பம் தணிக்க என ரஸ்ஸல், பர்ச் என்னும் அறிஞர் இருவர் 1959இல் வகுத்தனர். முடிவைச் செவ்வனே படியாதார் அவ்வுயிர்களை வீணே மாய்த்தவராவர்.

ஆடுதீண்டாப்பாளைக்குப் பொருள் சொல்லும் ஆசிரியர் சொல்லழகோடு நிற்றல் போதாது. ஆடு சொன்னது இது, எலி சொன்னது இது, இரண்டும் சொல்லாதது இது என மாணாக்கர்க்குப் பிரித்துக் காட்டுதலும் அவர்தம் கடனாகும்.