நீர்க்கரையில் தேடிய காரணம்

எலைன் மோர்கன் விலங்கியலாளர் அல்லர். வேல்ஸ் நாட்டுத் தொலைக்காட்சி நாடக ஆசிரியை. 1972இல் அவர் எழுதிய 'பெண்ணின் வழித்தோற்றம்' என்னும் நூலை இன்று வாசித்தாலும் அவருடைய சினம் நியாயமானதே என்று நமக்குத் தோன்றுகிறது. மனிதன் ஏனைய வாலில்லாக் குரங்குகளினின்றும் வேறுபட்டது ஏன் என்னும் வினாவுக்கு அக்கால அறிஞர் அளித்த விடையில் ஆண் மட்டுமே இருந்தான். காடு சுருங்கிற்று, புல்வெளிக்கு வந்தான், வேட்டைக்காக நிமிர்ந்தான், கருவி ஏந்தினான், மூளை வளர்ந்தது. குழந்தையை இடுப்பில் ஏந்திய பெண் எங்கே போனாள்?

வினா செம்மையானது. விடையைத்தான் அவர் கடல் விலங்கியலாளர் அலிஸ்டர் ஹார்டியிடமிருந்து பெற்றார். நம் மூதாதையர் நெடுங்காலம் நீர்க்கரையில் வாழ்ந்தனர் என்பது ஹார்டி 1960இல் முன்வைத்த ஊகம். நீரில் நடந்ததால் நிமிர்வு. நீந்தியதால் மயிரற்ற தோல். குளிரைத் தாங்கத் தோலடிக் கொழுப்பு. மூச்சை அடக்கப் பழகியதால் பேச்சு. ஒரே காரணம் எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது. நமக்கு ஐயம் எழுவதும் இங்கேதான்.

உஸூலுல் ஃபிக்ஹ் பயின்றோர் 'இல்லத்' ஒன்றை எவ்வாறு சோதிப்பர் என்பதை வாசகர் அறிவர். காரணம் உள்ள இடமெல்லாம் விளைவு இருத்தல் வேண்டும். காரணம் இல்லாத இடத்தில் விளைவும் இல்லாதிருத்தல் வேண்டும். கடல்நாயும் நீர்நாயும் நீரிலேயே திரிகின்றன, உடலெங்கும் மயிர். ஆப்பிரிக்காவின் மயிரற்ற வளை எலியோ வறண்ட மண்ணின் அடியில் வாழ்வது. இரு சோதனையிலும் ஊகம் தவறுகிறது. தொல்லெலும்புகள் ஏரிப் படிவுகளில் மிகுதியாய்க் கிடைப்பதும் சான்றாகாது. அத்தகைய மண்ணில்தான் எலும்பு கெடாமல் எஞ்சும்.

எதிர்த்தரப்பின் நிலையும் மெச்சத்தக்கதாக இல்லை. தான்சானியாவின் லேட்டோலியில் 1978இல் வெளிப்பட்ட காலடித் தடங்கள் ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுப் பழமையுடையவை. அங்கு நிமிர்ந்து நடந்தோரின் மூளை நம்முடையதில் மூன்றிலொரு பங்களவே. எத்தியோப்பியாவின் ஆர்டிபிதிக்கஸ் 44 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியது. 2009இல் விரிவாக விவரிக்கப்பட்டபோது, அது மரங்களிடையே வாழ்ந்ததாகவே ஆய்வாளர் கண்டனர். புல்வெளிக் கொள்கையைத் தாம் கைவிடுவதாகத் தென்னாப்பிரிக்க அறிஞர் ஃபிலிப் டோபையஸ் 1995இலேயே அறிவித்திருந்தார். முன்பு நம்பியதைச் சபையறிய மறுத்துரைக்கும் துணிவு எத்துறையிலும் அரிது.

இப்பூசலைக் காட்டி, 'விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ஆகவே பரிணாமம் பொய்' என்று நம் மேடைகளில் முழங்குவோர் உளர். பரிணாமத்தை ஏற்பதா மறுப்பதா என்னும் வழக்கை நாம் இங்கு எடுக்கவில்லை. அந்த வாதம் செல்லாது என்பதே நம் கூற்று. ஆறு பொருள்களின் பரிமாற்றத்தில் வட்டி தடுக்கப்பட்டதன் 'இல்லத்' அளவையும் இனமும் என்பர் ஹனஃபிகள். உணவாதலும் நாணயமாதலும் என்பர் ஷாஃபிஈகள். அவ்வேறுபாட்டைக் காட்டித் தடையே இல்லை என்று எவரேனும் கூறினாரா? 'ஏன்' என்பதில் உள்ள பிணக்கு 'உண்டா' என்பதை அசைப்பதில்லை. மறுக்க விரும்புவோர் வேறு வாதத்துடன் வரட்டும்.

இவ்வகை விளக்கங்களுள், ரிச்சர்ட் ராங்கம் 2009இல் நூலாக விரித்த சமையற் கொள்கையை நாம் சற்று மதிப்போம். நெருப்பில் வெந்த உணவு எளிதில் செரித்தது, குடல் சிறுத்தது, மூளை பெருத்தது என்பார் அவர். இதுவும் கதைபோலவே செல்கிறது. ஆயினும் இது தோற்கக்கூடிய கதை. அவர் சுட்டும் உடல்மாற்றம் ஏறத்தாழ 19 லட்சம் ஆண்டுப் பழமையுடையது. நெருப்பைப் பயன்படுத்தியதற்கு ஆய்வாளர் பெரிதும் ஏற்கும் தென்னாப்பிரிக்கக் குகைச் சாம்பலோ 10 லட்சம் ஆண்டளவே. இடையில் உள்ள 9 லட்சம் ஆண்டுகளுக்கு அவர் தரப்பு இனித்தான் சாம்பல் காட்டியாக வேண்டும்.